சனிக்கிழமை சர்ச்சில் நீ போட்ட சண்டை

இன்றைக்கும் பினாயில் மூடியைத் திறப்பதற்குள் வௌவால் வாடை மூக்கில் ஏறிவிட்டது. நீ இருந்தபோதும் இப்படித்தான். எவ்வளவு ஊற்றிக் கழுவினாலும் சர்ச்சை விட்டு அந்த வாடை போகாது. மேலே ஓட்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டு அவை நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். போதாததற்கு இன்று பௌர்ணமி. அடி அண்ணாமலைப் பக்கம் மத்தியானமே கிரிவலக் கூட்டம் நடக்க ஆரம்பித்துவிட்டது. கதவைச் சாத்தினால், வெளியே வெறுங்காலோடு போகிறவர்களின் சத்தமெல்லாம் சேர்ந்து, ஒரே ஒரு ஆள் பக்கத்தில் நின்று மூச்சு விடுவது மாதிரி உள்ளே கேட்கும். துடைப்பத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன். சனிக்கிழமை சர்ச் பெருக்குவது நம் இரண்டு பேர் வேலை. இப்போது எல்லாம் என் தலையில். அதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபம்தான்.

உன் சண்டை ஆரம்பித்த அந்த வருஷம், புது வருஷ ஆராதனை முடிந்து எல்லோரும் வரிசையில் போய்த் தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை. அதில் எந்த வசனம் வருகிறதோ, அதுதான் அந்த வருஷம் முழுவதும் ஆண்டவர் அந்த வீட்டுக்குக் கொடுத்த வாக்கு. எத்தனை வருஷமாக எடுக்கிறோம், ஒருத்தராவது சந்தேகப்பட்டோமா? உன் வீட்டுக்கு வந்தது, பிள்ளைகளை எந்தத் தீங்கும் நெருங்காது என்ற பொருளில் ஒரு வசனம். மறுநாளே வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தாய். “நல்லா கெட்டியா லேமினேஷன் போடுடி, வருஷம் பூரா தாங்கணும்” என்றாய். போட்டுக் கொடுத்தவள் நான்.

மழைக்காலத்தில் உன் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. உனக்கு இருந்த ஒரே பெண். ரத்தத்தில் தட்டணு கம்மியாகிறது என்றார்கள், ரத்தம் ஏற்றினார்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, வாய் ஓயாத பிள்ளை, வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்கு வந்தாள். அடக்கம் முடிந்து நான் உன் வீட்டுக்கு வந்தபோது, சுவரில் அந்த அட்டை திருப்பி மாட்டியிருந்தது. எழுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. “கழட்டிடறதுதானே?” என்று கேட்டேன். “ஏன் கழட்டணும்? சொன்னவரு அவரு. சொன்னதுக்கு அவரு பதில் சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றாய். நீ அழவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லை. சபையில் பெரியவர்களுக்கெல்லாம் பெரியவள் மாதிரி நடந்துகொள்ளும் அந்த ரிட்டயர்டு நர்ஸ் அம்மா, “ஆண்டவருக்குப் பிரியமான பூவ அவரு பறிச்சுக்கினாரும்மா” என்றாள். நீ நிமிர்ந்து பார்த்தாய். “அவருக்குத் தோட்டமே இல்லையாம்மா? என் வீட்டு வாசல்ல இருந்த ஒத்தப் பூதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?” என்றாய். அந்தம்மா முகம் செத்துவிட்டது. அன்றிலிருந்து உன்னைப் பார்த்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். உன் வீட்டுக்காரரோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குள் வருவதையே நிறுத்திவிட்டார். உன்னை வண்டியில் கொண்டுவந்து விடுவார், வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார், ஆராதனை முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவார்.

நீ மட்டும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வந்தாய். ஒருநாள் நான் குழாயடியில் பக்கெட் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே உன் குரல். ஜெபம் என்றால் நாம் எல்லோரும் “நீர், உம்முடைய” என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பேசுகிற ஆட்கள். நீ அதையெல்லாம் உதறிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாய். “நீ சொன்னியா இல்லையா? சொல்லு. நான் கேட்டனா? நீயாதான சொன்ன?” அப்புறம் பேச்சில்லை. ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு, “அத சொல்லாத. அது எனக்கு வேணாம்” என்றாய்.

யாரோ ஏதோ சொன்னால்தானே அப்படிச் சொல்ல முடியும்? பக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். நீ ஒருத்திதான் இருந்தாய். ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு பீடத்தைப் பார்த்தபடி, காதை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றாய். எப்போதும் கிறீச்சிடும் வௌவால்கள் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. நீ எதையோ கேட்டு முடித்து, தலையை ஆட்டிவிட்டு, மறுபடி குனிந்து துடைக்க ஆரம்பித்தாய்.

“யார்கிட்டடி பேசினு இருந்த?”

“வேற யார்கிட்ட? இந்த வீட்டுக்காரர்கிட்டதான்.”

“பதில் வந்துச்சா?”

துணியைப் பிழிந்துகொண்டே, “வந்தா சண்டை முடிஞ்சுபூடுமே” என்றாய். சிரித்தாயா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. “வாய மூடுடி, அவரு ஏதாவது பண்ணிடப் போறாரு” என்றேன். “இன்னும் பண்றதுக்கு இன்னாடி இருக்கு?” என்று கேட்டாய். கொஞ்சம் பொறுத்து நீயே சொன்னாய்: “கோவிச்சுக்கினு பேசாம போறவங்கதான் போயிடறாங்க. நான் போகல. அதனாலதான் கத்தறேன்.”

அடுத்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் கீழ்பென்னாத்தூரில் உன் அண்ணன் வீட்டுக்குப் போனவள், திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். ஸ்டாண்டு வந்ததும் தூங்குகிறாய் என்று நினைத்து கண்டக்டர் எழுப்பியிருக்கிறார். கண் திறந்தே இருந்ததாம். பேச இதைவிட என்ன வேண்டும்? “தேவன எதிர்த்து வாயாடினா சும்மா உடுவாரா” என்று உன்னைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அவர்களை அறையலாம் போல இருந்தது. ஆனால் ராத்திரி படுத்தால் அதே பேச்சு என் காதிலும் கேட்டது. நிஜமாகவே அப்படித்தானோ? அவர் கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் பொறுக்கவில்லையோ?

உன் வீட்டைக் கழுவிவிட நாங்கள் நாலு பேர் போனோம். சுவரில் அட்டை நேராக இருந்தது. எழுத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ ஊருக்குக் கிளம்பின காலையில் நான் வந்தபோது அது திரும்பித்தான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். உன் வீட்டுக்காரரைக் கேட்டேன். “சத்தியமா நான் தொடலங்க. அவ போனப்புறம் அந்தப் பக்கமே நான் போகல” என்றார். சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது. எங்களோடு வந்த நர்ஸ் அம்மா கையைத் தூக்கி ஸ்தோத்திரம் சொன்னாள். நீ கடைசி நேரத்தில் மனந்திரும்பி, நீயே திருப்பி வைத்துவிட்டுப் போனாயாம். நான் அந்த அட்டையைத் தொடவில்லை. நீ திருப்பினாயா? சமாதானமாகித் திருப்பினாயா, நேருக்கு நேர் கேட்கத் திருப்பினாயா? இல்லை, நீ திருப்பவே இல்லையா?

ஒரு வருஷம் ஆனதும் சர்ச்சில் உன் நினைவு ஜெபம். போதகர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். முன்னாடியே நர்ஸ் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கடைசில கீழ்ப்படிஞ்சுட்டான்னு சாட்சி சொல்லிடும்மா. அவ பேருக்கும் நல்லது, சபைக்கும் நல்லது.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். ஆனால் அதை நான் சொல்லிவிட்டால், உன் சனிக்கிழமைகள் எல்லாம் மன்னித்துவிடப்பட்ட தப்பாகிவிடும். அதற்கப்புறம் நீ அங்கே பேசினதாகவே இருக்காது.

முன்னால் போய் நின்றேன். “அன்புள்ள ஆண்டவரே, நீர்...” என்று ஆரம்பித்தேன். நாக்கு நகரவில்லை. பீடத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். “அவள ஏன் எடுத்த? இந்தச் சபையில உன்கிட்ட நெஜத்தப் பேசினவ அவ ஒருத்திதான். அவளையும் எடுத்துட்டா, மீதி நாங்க எல்லாம் இன்னா பேசறது உன்கிட்ட?” யாரும் ஆமென் சொல்லவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் ஆளே இல்லாத இடம் மாதிரி இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த உன் வீட்டுக்காரர். செருப்பைக் கழற்றக்கூட மறந்து நடுவழியாக நேரே நடந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை, போதகரைப் பார்க்கவில்லை. பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டார்.

“பாப்பா அப்பா அப்பான்னு கத்துச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன். நீ எங்க இருந்த?”

உன் மகள் போன நாளிலிருந்து அந்த மனுஷர் ஆண்டவரிடம் பேசின முதல் பேச்சு அது. போதகர் அவர் பக்கத்திலேயே போய் முட்டி போட்டுக்கொண்டார். நான் நின்ற இடத்திலேயே அழுதேன். நீ போனதற்கு அன்றுதான் அழுதேன்.

நானும் இப்போது சனிக்கிழமைகளில் ஆண்டவரிடம் கேட்கிறேன், சத்தமாகவே கேட்கிறேன். உன் அளவுக்குத் தைரியம் இல்லை, பாதியில் குரல் உடைந்துவிடும். கேட்டு முடித்து நிற்கும்போது, எதிரில் ஒருத்தர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்பது முதுகுத்தண்டு வரைக்கும் தெரிகிறது. அது ஆறுதலா, பயமா என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் அங்கிருந்து போக மட்டும் மனசு வருவதில்லை.