உறையில் வைக்கும்போது

செப்டம்பர் 2, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. கூடத்துக்குள் கயிறு கட்டிப் போட்டேன். தையலுக்கு வந்த மினதியின் பிளவுஸ் இரண்டு, கை தைப்பது மட்டும் பாக்கி. காஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் மலர் போலீஸ் பயிற்சியிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, டியூட்டி போட்டுட்டாங்க." திங்கள்கிழமையிலிருந்து. ஒரு பெண் அதிகாரிக்குப் பாதுகாப்பு. யூனிபார்ம் இல்லை, சாதா உடுப்பு. இடுப்பில் பிஸ்டல்.

அவள் அப்பா பார்த்த அதே வேலை.

டீ போட்டேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். அவளும் கேட்காமல் குடித்தாள்.

செப்டம்பர் 3, புதன்

மழை விட்டு விட்டு.

அவர் போய் இது இரண்டாவது மழைக்காலம். அன்றைக்கும் இப்படித்தான் வானம். காலையில் ஆயுத அறையில் பிஸ்டல் வாங்கினார். வெளியே வந்து இடுப்பு உறையில் வைக்கும்போது வெடித்தது. தொடையில். ஆஸ்பத்திரி போவதற்குள் ரத்தமெல்லாம் போய்விட்டது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எப்படி வெடித்தது என்று பெரிய அதிகாரி இந்தியில் சொன்னார். இந்தத் தீவுக்கு வந்து நான் பழகியது பஜார் இந்தி. மீன் விலை, பஸ் சீட்டு, பிளவுஸ் அளவு. தலையை ஆட்டினேன். அன்றைக்குத் தமிழில் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது.

தண்ணீர் லாரி வரும் இடத்தில் பேசிக்கொண்டது மட்டும் நன்றாகப் புரிந்தது. "பீயா ஹோகா. குடிச்சிருப்பான். இல்லாட்டி தானா எப்படி வெடிக்கும்?" என் முகத்தைப் பார்த்ததும் வாளியை நகர்த்தி எனக்கு முதலில் வழி விட்டார்கள்.

குடிக்கவே மாட்டார் என்று எழுத மாட்டேன். பொங்கலுக்கு, கல்யாண வீட்டுக்கு. காலையில் கிடையாது. டியூட்டி நாளில் கிடையாது. எனக்குத் தெரியும்.

கீரை, மண்ணெண்ணெய் வாசனை அடிக்கிறது. கடைக்காரனிடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 4, வியாழன்

மலருக்குச் சொல்லாமல் டவுன் பஸ் பிடித்துப் போனேன். அவளுடைய அதிகாரியைப் பார்க்க. நல்ல புடவை, அதுவும் நனைந்துவிட்டது. உட்காரச் சொன்னார். மரியாதையான மனுஷன். என் இந்தியை வைத்துக்கொண்டு சொன்னேன்: பெண்ணுக்கு ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுங்கள் சாப், துப்பாக்கி வேண்டாம்.

அவர் கேட்டார், மலர் அனுப்பினாளா என்று. இல்லை என்றேன். "அப்படின்னா அவகிட்ட கேக்காம நான் செய்ய முடியாதும்மா" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். டீ வரவழைத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன். அது தப்பு. குடித்திருக்கலாம்.

அபர்டீன் பஜாரில் ஊக்கு, பாபின் நூல், வெள்ளைக் கொக்கி வாங்கினேன். மழைக்கோட்டுக் கடை வாசலில் மலர் அப்பா வாங்கின அதே நீலக் கோட்டு தொங்குகிறது, வரிசையாக. இந்த ஊரில் பாதிப் பேர் முதுகில் அதுதான். பார்க்காமல் நடந்தேன்.

சாயங்காலம் சண்டை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாரைக் கேட்டு போன நீ?"

"உங்கப்பாவைக் கேட்டு."

"அப்பா இருந்தா போக விட்டிருக்க மாட்டாரு. பேட்ச்ல எல்லாம் சிரிக்கறாங்கம்மா. மம்மி டிராப் பண்ண வந்தாங்களான்னு."

"சிரிக்கட்டும். செத்தா சிரிக்க மாட்டாங்க."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மீன் குழம்பு அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் அவளே தோசை சுட்டு எனக்கும் ஒன்று தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

கத்தரிக்கோல் துருப்பிடித்திருக்கிறது. அவர் இருந்தவரை பிடித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எண்ணெய்த் துணியோடு உட்காருவார். கத்தரிக்கோல், மெஷின், அரிவாள்மனை, பூட்டு எல்லாம் துடைப்பார். "இந்தக் கடல் காத்துல இரும்பு ஒரு ராத்திரியில பூத்துடும் புள்ள." பிஸ்டலில் துருப் புள்ளி இருந்தால் போலீஸில் பெரிய அவமானமாம். தூறல் விழுந்தால் முதலில் தலையை மூட மாட்டார், இடுப்பை மூடுவார். குண்டுக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. துருவுக்குத்தான் பயம்.

செப்டம்பர் 6, சனி

பகலெல்லாம் மழை. மலருக்கு அரை நாள் லீவு. நீல பிளாஸ்டிக் பிஸ்டல் ஒன்று கொண்டு வந்தாள். பழகிப் பார்ப்பதற்கு. குண்டு போடவே முடியாது, பொம்மை மாதிரிதான், ஆனால் அளவு நிஜம், ட்ரிகரும் அசையும். அதைப் பார்த்ததும் தள்ளிப் போய் நின்றேன்.

"இங்க உக்காரு. பாரு. பாத்துட்டு அப்புறம் சொல்லு, போகலாமா வேண்டாமான்னு."

பீரோ கண்ணாடி முன்னால் நின்று செய்து காட்டினாள். சொல்லிக்கொண்டே செய்தாள். விரலை நேராக நீட்ட வேண்டும், ட்ரிகர் பக்கமே போகக் கூடாது. இடது கையால் சட்டையை நன்றாக மேலே தூக்க வேண்டும். குனிந்து உறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம்தான் உள்ளே. மெதுவாக.

"எடுக்கறதுல அவசரம் இருக்கலாமாம், வைக்கறதுல எந்த அவசரமும் கிடையாதாம். உஸ்தாத் கத்திக்கிட்டே இருப்பாரு." உஸ்தாத் என்றால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். "ஏதாவது தட்டுப்பட்டா அழுத்தக் கூடாது. அப்படியே நிறுத்தி வெளிய எடுக்கணும். இந்தப் புது பிஸ்டல்ல தனியா லாக் இல்லம்மா. நம்ம விரல்தான் லாக்."

"உங்கப்பா பாக்க மாட்டாரே."

அவள் நிறுத்தினாள்.

அவர் பார்க்காமல் வைப்பார். பேசிக்கொண்டே வைப்பார். பழைய ஆட்களுக்கு அது ஒரு பெருமை. குனிந்து பார்த்தால் புதுப் பையன் என்று கேலி செய்வார்களாம். இதே கண்ணாடி முன்னால் காலி உறையில் கை வைத்து எனக்கு எத்தனை தடவை காட்டியிருக்கிறார். நானும் சிரித்திருக்கிறேன்.

மலர் திரும்பத் திரும்பச் செய்தாள். ஒழுங்காகத்தான் செய்தாள். பயம் கொஞ்சம் குறைந்தது. ஜன்னலில் சாரல் அடித்தது, சாத்தினேன். அப்போது தோன்றியது, கேட்டேன்.

"மழையில எப்படி வைப்ப?"

"இதே மாதிரிதான்."

"கோட்டு போட்டுட்டு வை பாக்கலாம்."

"பயிற்சியெல்லாம் கூரைக்குக் கீழதான்மா. கோட்டு போட்டு யாரும் பண்ணலையே."

போட்டாள். அவளுடையதும் அந்த நீலக் கோட்டுதான். இடுப்பை இறுக்க ஓரத்தில் ஒரு கயிறு ஓடும், நுனியில் பிளாஸ்டிக் குமிழ். இடது கையால் கோட்டைத் தூக்கினாள். வழுக்கிற துணி, பாதி நழுவியது. கயிறு தொங்கியது. நான், "உங்கப்பா மாதிரி வை, பாக்காம" என்றேன். கண்ணாடியைப் பார்த்தபடி வைத்தாள்.

முழுதும் போகவில்லை. நின்றது. அவள் கை பழக்கத்தில் ஓர் அழுத்து அழுத்தியது. டிக்.

குனிந்து பார்த்தோம். குமிழ் ட்ரிகர் வளையத்துக்குள் போயிருந்தது. கயிறு ட்ரிகரை இழுத்துப் பிடித்திருந்தது. விரல் நேராக, வெளியேதான் இருந்தது. விரல் ஒரு தப்பும் செய்யவில்லை.

அவள் அந்தப் பொம்மையை எடுக்கவும் பயந்து அப்படியே நின்றாள். நான்தான் கயிற்றை உருவினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் தூறல். பஸ்ஸில் புரோத்ராபூர். மலரும் வந்தாள். அப்பாராவ் வீடு. அன்றைக்கு அவர் பக்கத்தில் இருந்த ஆள், தெலுங்குக்காரர், இப்போது ரிட்டயர் ஆகி வெண்டை போட்டிருக்கிறார். சேற்றுக் கையோடு வந்தார். என்னை பாபி என்பார், இந்தியில் அண்ணி. "அரே பாபி! வாங்க, வாங்க. வழி தெரிஞ்சுதா? இந்தப் பக்கம் மழையும் நானும்தான் இருக்கோம்."

உட்காரவில்லை. கேட்டேன். "அண்ணா, கயிறா?"

சிரிப்பு போய்விட்டது.

"ஆமா பாபி. கோட்டு ரஸ்ஸி. பிஸ்டல் பாதிதான் உள்ள போயிருந்துச்சு. நான்தான் ரஸ்ஸியை அறுத்து எடுத்தேன். மழை பெருசா வந்துச்சா, நனையக் கூடாதுன்னு டக்குனு உள்ள தள்ளினாரு. சேம்பர்ல குண்டு ஏத்தி வெச்சிருந்தாரு. விசாரணையில எல்லாம் சொன்னேன். சாப் உங்ககிட்ட சொன்னாரே? நீங்க தலையை ஆட்டுனீங்களே?"

ஆட்டினேன்தான்.

"குடிச்சிருந்தாரா?" இது மலர். இந்தக் கேள்வியை இவள் இத்தனை நாள் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

"சீ, பேட்டீ, இல்லம்மா. என் கிளாஸ்ல பாதி டீ குடிச்சாரு. சர்க்கரை கம்மின்னு திட்டினாரு. அவ்வளவுதான்."

மலர் வெண்டைப் பாத்திக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. நான் போகவில்லை. அப்பாராவ் சம்சாரம் ஒரு பை வெண்டைக்காய் கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் மலர் என் மேல் சாய்ந்தபடி வந்தாள். இவ்வளவு பெரியவள் ஆன பிறகு சாய்ந்ததில்லை. துருவுக்குப் பயந்த மனுஷன். பிஸ்டலை நனையாமல் காப்பாற்றிவிட்டார்.

மத்தியானம் அவள் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு கயிற்றை உருவினேன். குமிழைத் தனியாக எடுத்தேன். ஓரத்தை மடித்துத் தைத்தேன். வலது பக்கம் இடுப்பு வரை கிழித்து, அழுத்துகிற பட்டன் மூன்று. இப்போது தூக்கினால் ஒதுங்கி நிற்கிறது, நழுவவில்லை. துருக் கத்தரிக்கோல், ஒழுங்காக வெட்ட வரவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வெட்டினேன்.

மலர் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு அவள் பேட்ச் பெண்கள் மூன்று பேர் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்தார்கள். கோட்டு கையில், சுருட்டி. அதில் ஒரு மலையாளத்துப் பெண், "ஆன்ட்டி, ஞங்ஙளுக்கும் ஆபரேஷன்" என்றாள். மற்றவர்கள் அவளைக் கிள்ளினார்கள். மலர் அந்த நீலப் பொம்மையை வைத்துக் கயிறு எப்படி மாட்டுகிறது என்று காட்டினாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. உஸ்தாதிடம் நாளைக்கே சொல்லப் போகிறார்களாம், கோட்டு போட்டுப் பழக்கச் சொல்லி.

எல்லாருக்கும் தைத்தேன். மினதியின் பிளவுஸ் நாளைக்கு.

கயிறுகளைக் குப்பையில் போடவில்லை. அடுப்பிலும் போடவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் மெஷின் இழுப்பறையில் கிடக்கின்றன.

செப்டம்பர் 8, திங்கள்

மழை. நல்ல மழை.

மலர் வெண்டைக்காய்ப் பொரியலும் சோறும் கட்டிக்கொண்டாள். வாசலில் நின்று, "சொல்லும்மா" என்றாள். போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அப்பாவுக்கும் சொன்னதில்லை, அவர் பாட்டுக்குப் போவார். "பார்த்து வை" என்றேன். அவள் கோட்டை இடது கையால் தூக்கினாள், குனிந்து காலி இடுப்பைப் பார்த்தாள், எனக்குக் காட்டினாள். போனாள்.

பிளவுஸ் கை இரண்டும் தப்பாகத் தைத்துப் பிரித்தேன்.

பிஸ்டல் வாங்கி வைத்ததும் போன் செய்யச் சொல்லியிருந்தேன். மெஷினை மிதிக்கவில்லை, சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று.

வந்தது. "வெச்சாச்சும்மா. பாத்துதான் வெச்சேன்." பின்னால் மழைச் சத்தம்.

சாயங்காலம் பிஸ்டலை எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாளைக்கு மறுபடியும் வைக்க வேண்டும்.