எந்த வருஷத்திலிருந்து பேசுகிறான்

சூலூர்,
பிரமாதி வருஷம், ஆடி மாதம்.

சிரஞ்சீவி திருமூர்த்திக்கு அப்பன் குமாரசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றுகளும் உயிருக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், பட்டணத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் இடுப்பளவு நிற்கிறது, சோளம் நன்றாக முளைத்தும் ஆடிக் காற்றில் சாய்ந்து கிடக்கிறது, செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்காதே. உன் அம்மாவை நினைத்து எனக்கு ஒரு பயம் பிடித்திருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

சென்னை ரேடியோவில் நாடகம் பேசப்போவதாக நீ எழுதியிருந்த அன்று, தோட்டத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பருத்தி ஜின்னிங் பாக்டரி சீனிவாசலு நாயுடு வீட்டுக்குப் போனோம், இந்தப் பக்கத்தில் ரேடியோப் பெட்டி அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. பாக்டரி ஆட்களும் அக்கம்பக்கத்தாரும் வாசல் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். வருஷங்களைத் தாண்டிப் போகும் வண்டி ஒன்றில் மூன்று பேர் ஏறி, இன்னும் நூறு வருஷம் கழித்து வரப்போகிற காலத்தில் போய் இறங்கும் கதை என்றார் நாயுடு. அந்த வண்டி கிளம்பும்போது பெட்டிக்குள் எழுந்த இரைச்சலில் முன்னால் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். பிறகு உன் குரல் வந்தது. உன் அம்மா எல்லாரையும் திரும்பிப் பார்த்து, எம்பையனுங்க, எம்பையன் பேசறானுங்க என்று சொல்லிக்கொண்டாள், அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்துப் பல காலம் ஆகிறது. கொஞ்ச நேரந்தான். அந்தக் காலத்து ஊரில் ஆளும் இல்லை காக்கையும் இல்லை என்றாய், தண்ணீர் தேடி இறங்கினாய், உன்னை விட்டுவிட்டு வண்டி கிளம்பிவிட்டது. நான் இங்கே இருக்கிறேன், நான் பேசுவது யாருக்காவது கேட்கிறதா என்று நீ கத்தினாய். அந்தச் சமயம் பார்த்து கரண்டு நின்று பெட்டி அணைந்துபோயிற்று. உன் அம்மா எழுந்து போய்ப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கேக்குது கண்ணு, இங்கதான் இருக்கறேன், அம்மா இங்கதான் இருக்கறேன் என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. நாயுடு வீட்டு அம்மாள் கனகம் வந்து மெதுவாகக் கையை விடுவித்து, நாடகமுங்க அது, கதைக்காரன் எழுதிக் கொடுத்ததுங்க என்று எவ்வளவோ சொன்னாள். கரண்டு வரும் என்று காத்திருந்தோம், அது வருவதற்குள் நாடகம் முடிந்துவிட்டது. நீ திரும்பி வந்தாயா இல்லையா என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்தபின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாடகம் என்று சொன்னால் தலையை ஆட்டுகிறாள், புரிந்துகொண்டாள் என்று நினைத்துச் சோளக்காட்டுக்குப் போகிறேன், வந்து பார்த்தால் கிணற்று மேட்டில் கிழக்கே பார்த்து நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். கரண்டு நின்னுபோச்சு சாமி, அதனாலதான் சத்தமில்லே, வேற ஒண்ணுமில்லே என்று உனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். காற்று அடிக்கிற அடியில் கால் விளிம்புக்குப் போய்விட்டது, நான் ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தேன். இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டேன். காத்துல வந்த பேச்சு காத்துலயே திரும்பிப் போவாதுங்களா என்று என்னையே கேட்டாள். அன்றே தபாலாபீசுக்குப் போய் உனக்குத் தந்தி அடித்தேன். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. சொன்னால் நீ சிரிப்பாய், பதில் வராமல் போகப்போக எனக்கே நாடகம் எது நிசம் எது என்று மனசு தடுமாற ஆரம்பித்துவிட்டது. ஏர் பிடிக்கும்போது உன் சத்தம் காதுக்குள் கேட்கும், மாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். இனிப் பொறுக்க முடியாது, சென்னைக்கு ரயில் ஏறுவது என்று வேட்டி சட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

அதற்குள் நாயுடு தானே மோட்டாரில் தோட்டத்துக்கு வந்துவிட்டார். ஏனுங்க, உங்க பையன் ரேடியோவுல பேசறானுங்க, சட்டுனு ஏறுங்க என்றார். நாங்கள் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பருத்தி விதையைச் சாணிப்பாலில் புரட்டி விதைப்பது பற்றிப் பெட்டியில் நீ வாசித்துக்கொண்டிருந்தாய், நடுவில் ஒரு தடவை இருமினாய். அது அவன் இருமல்தான் என்று உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கனகம் கொடுத்த மோரை முழுக்கக் குடித்தாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. தோட்டத்தில் வந்து இறங்கியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏனுங்க, எந்த வருசத்துல இருந்து பேசறானுங்க என்று கேட்டாள். இந்த வருசந்தான், இந்த ஆடிதான் என்றேன். நேற்று உன் தந்தி வந்தது, அறை மாறிவிட்டதால் என் தந்தி தாமதமாகக் கைக்கு வந்ததென்று இருந்தது, அதை அவளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், அந்த வண்டி பின்னாலயும் போகுங்களா என்றாள். அப்படி ஒரு வண்டியே இல்லை என்றேன். இருந்தா என்றாள். இனியாவது மனசு ஆறட்டும் என்று, இருந்தால் பின்னாலும் போகுமாய் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. முகம் வெளுத்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் உன் அக்காள் மயிலாத்தாள் பெயரைச் சொன்னாள். பிளேக் நோய் வந்த வருஷம், நீ கைக்குழந்தையாக இருந்தபோது அந்தக் குழந்தை போய்விட்டது உனக்குத் தெரியும். அன்றையிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை.

திருமூர்த்தி, நாடகத்தில் நடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உன் குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆடி நோம்பிக்கு எப்படியும் லீவு கேட்டுக்கொண்டு வா, ரேடியோவில் வராதே, நேரில் வா, அவள் உன்னைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ராத்திரிக் காற்றில் அலையாதே, அந்த இருமலுக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் குடி. சென்னியாண்டவர் உன்னைக் காப்பாற்றுவார். உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், எழுதுகிறேன்: "அக்காளைக் கூட்டிக்கிட்டு வரலாம்னு அந்த வருசத்துக்குப் போயிராத கண்ணு. ஊரே காலி பண்ணிப்போட்டுப் போன வருசம் அது. போனா உனக்கும் காச்சல் கண்டுபோடும். அவ அங்கயே இருக்கட்டும். நீ இங்க வந்துரு."

இப்படிக்கு, உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பன்,
குமாரசாமி