விட்டுக்கொடுத்த ஆட்டம்

வெள்ளி, இரவு

டிவியில் வரும் கணக்குப் போட்டியை உள்ளங்கை அளவு கேமாக்கி விற்கிறார்களே, என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து தினமும் அதை மாற்றி மாற்றி ஆடுகிறோம். தினமும் நான்தான் தோற்பேன். இன்று ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டது. வேண்டுமென்றே தப்பாக அழுத்தினேன். எனக்கு நடிக்கத் தெரியவில்லை.

"செல்வி, சைதாப்பேட்டை மார்க்கெட்ல கடை வச்சிகினு கீற, உனக்கு இது தெரியாதா? எனக்கோசரம் தோத்துக்கினு கீறியா?"

கேமை என் மடியில் வைத்தார்.

"ஒயுங்கா ஆடு. நான் பாத்துக்கினு கீறேன்."

ஆடினேன். எல்லாமே சரி. கேம் கைதட்டியது. அவரும் தட்டப் பார்த்தார். இடது கை எழவில்லை. வலது கையால் தன் தொடையில் தட்டினார். கேம் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை.