ஹருகோம்மா போடும் சோயாவைப் பற்றி

இலக்கியா கண்ணுக்கு,

களமருதூரிலிருந்து அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உன் தம்பி சுபாஷும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஜப்பானில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இதில் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நீ போன் போடும்போதெல்லாம் நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில்தான் நிற்கிறாய், நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் தோளுக்குப் பின்னாலிருந்து அந்தச் சமையல்கார அம்மா ஹருகோ எட்டிப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரிக்கிறாள், நானும் பதிலுக்குச் சிரிக்க வேண்டியதாகிவிடுகிறது. அவளைப் பற்றி அவளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது, தமிழ் புரியாவிட்டாலும் என் மூஞ்சி புரியுமே. உளுந்தூர்பேட்டை செழியன் உங்கள் ஊருக்கே வேலைக்கு வருகிறானாம், அவனிடம் முறுக்கும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும் வைத்திருக்கிறேன். ரூமுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து படி.

அப்பா உளுந்து பிடுங்கி முடித்துவிட்டார், மழை வந்து கெடுப்பதற்குள் களத்துக்கு வந்துவிட்டது. சுபாஷ் கள்ளக்குறிச்சிக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் வருகிறான், படிக்கிறானா பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போய் வருகிறானா தெரியவில்லை. வெள்ளிமலையில் டீச்சராக இருக்கும் உன் சித்தி செந்தமிழ்ச்செல்வி போன வாரம் வந்தாள், மலையில் இந்த வருஷம் சாமையும் மொச்சையும் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு பை மொச்சை கொண்டுவந்து போட்டாள். உன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இன்னா அக்கா இது, நம்ம இலக்கியாவா, கன்னம் வந்து கீதே" என்றாள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்குச் சந்தோஷம் இல்லாமலா இருக்கும். ஆனால் நீ இந்த வீட்டில் இருந்த அத்தனை வருஷமும் உன் பின்னாலேயே தட்டை எடுத்துக்கொண்டு அலைந்தவள் நான். பருப்பு என்றால் மூக்கைச் சுளிப்பாய், முட்டை என்றால் ஓடுவாய், பள்ளிக்கூடத்தில் பிரியாணியில் மீல் மேக்கர் போட்டார்கள் என்று அதைப் பொறுக்கிப் பொறுக்கிப் பெஞ்சுக்கு அடியில் போட்டு டீச்சரிடம் அடி வாங்கியவள் நீ. அந்த மீல் மேக்கரும் சோயாதானேடி. நான் செய்தால் இறங்காத சோயா அவள் வெள்ளைக் கட்டியாகச் செய்து கொடுத்தால் இறங்குகிறது, சூப்பில் கரைத்துக் கொடுத்தால் இறங்குகிறது, நூல் நூலாக இழுக்கிற அந்தப் புளித்த கொட்டையைக்கூடச் சோற்றில் போட்டுச் சாப்பிடுகிறாய். அதுகூடப் பரவாயில்லை, அன்றைக்கு அவளை ஹருகோம்மா என்று கூப்பிட்டாயே. ஊரில் வயதில் பெரியவர்கள் எல்லோரையும் அம்மா என்றுதான் சொல்கிறோம், அது எனக்குத் தெரியாதா. தெரிந்தும் அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை, அப்பா கேட்டதற்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு கோகிலவாணி தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு ஆள் கோட்டு போட்டுக்கொண்டு சோயா சாப்பிட்டால் பொம்பளைகளுக்குக் கர்ப்பப்பை கெடும், ஆம்பளைகளுக்கு மார் வளரும், எல்லோருக்கும் தைராய்டு வரும் என்று அடித்துப் பேசினான். பயந்தேன், பொய் சொல்லவில்லை, ஆனால் பயத்தோடு கூடவே மனசுக்குள் ஒரு குளிர்ச்சியும் வந்தது, அப்பாடா அவள் செய்வதில் ஒரு குற்றம் கிடைத்துவிட்டது என்று. அதற்குச் சரியாக நீயும் அந்த மாசம் தினமும் மாத்திரை போட்டும் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு கூடிவிட்டது, முடி கொட்டுகிறது, எழுந்திருக்கவே அசதியாக இருக்கிறது என்று அழுகிற குரலில் சொன்னாய். நான் யோசிக்கவே இல்லை, "அந்தச் சனியன் புடிச்ச சோயாவ இன்னியோட நிறுத்து, உம்மேல சத்தியம்" என்றேன். நீயும் நிறுத்தினாய். நிறுத்திவிட்டு வேறு என்ன சாப்பிட்டாய், ரொட்டியும் டீயும். பத்து நாளில் கன்னம் உள்ளே போய்விட்டது, ஒரு பாட்டியைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாய் என்று நீ சுபாஷிடம் சொன்னதை அவன் என்னிடம் சொன்னான். ஹருகோ வேறு, நான் என்ன தப்பு செய்தேனோ இந்தப் பெண் என் கைச் சோற்றைத் தொட மாட்டேன் என்கிறாளே என்று முகம் வாடித் திரிகிறாளாம். சொன்னால் நம்ப மாட்டாய், அதைக் கேட்டு எனக்குப் பாவமாக இல்லை. கவலையெல்லாம் உன்னைப் பற்றித்தான்.

மறுநாளே திருக்கோவிலூர் டாக்டரம்மாவிடம் போனேன். நீ அனுப்பிய பரிசோதனைச் சீட்டின் போட்டோவைக் காட்டினேன். சோயாதான் கெடுத்தது என்று அந்த அம்மா வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் போட்டோவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், "பொண்ணு மாத்திரைய எப்ப போடறா?" என்று கேட்டார்கள். காலையில் சாப்பாட்டோடு, சோயாவை நிறுத்தும்வரை ஒரு டம்ளர் சோயா பாலோடு என்றேன், நீதான் சொல்லியிருக்கிறாயே. டாக்டரம்மா சிரித்துவிட்டார்கள். "அதாம்மா விஷயம். சோயா மேல கோவப்படாதீங்க. அது கூட சேர்ந்து போனா மாத்திரை ஒடம்புல சரியா ஒட்டாது. விடிஞ்சதும் வெறும் வயித்துல தண்ணியில போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு சாப்பிடட்டும், சோயாவ மதியத்துக்கு மேல வச்சிக்கட்டும். அங்க இருக்கற டாக்டர் கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கட்டும்" என்றார்கள். நான் விடவில்லை, கர்ப்பப்பை என்றேன், வீடியோ என்றேன், அவள் சோயாவைக் கரைத்துக் கொடுக்கும் சூப்பையும் சொன்னேன். "சோயாவுல இருக்கறது செடியோட சத்துமா, நம்ம ஒடம்புல சுரக்கறது வேற. சாப்பாடா அளவா சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது. கறி மீன் கம்மியா சாப்பிடற பொண்ணுக்கு நல்ல புரதம். சிலருக்கு ஒத்துக்காது, அரிப்பு வரும், அவங்கதான் தொடக்கூடாது. அந்த சூப்புல உப்பு ஜாஸ்தி, அத மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்கள். நல்லது என்று கேட்டு மூஞ்சி தொங்கிப்போய் வெளியே வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இருந்தாலும் பஸ் ஏறியதும் மனசு கொஞ்சம் நிமிர்ந்தது. என் பிள்ளைக்கு என்ன கோளாறு என்று நான்தான் போய்க் கேட்டு வந்திருக்கிறேன், இதை முதலில் சொல்லப்போவது நான் என்று நினைத்துக்கொண்டே போனை எடுக்கிறேன், நீயே கூப்பிட்டாய். "அம்மா, ஹருகோம்மா என்ன இங்க ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாங்க, மாத்திரைய சோயா பால்ல போட்டதுதான் தப்பாம், இனிமே நான் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆவாம தட்டே வக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாய். நான், எனக்கும் தெரியும், நானும் இப்பதான் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று கத்தினேன். பஸ்காரன் அந்த நேரம் பார்த்து ஹாரனை அடித்தான், உன் காதில் விழவே இல்லை, அப்புறம் சிக்னலும் போய்விட்டது. கண்டக்டர்தான் கேட்டான், "இன்னா ஆயா, யாராண்ட சண்ட?" என்று. ஆயா என்கிறான், எனக்கென்ன அவ்வளவு வயசா ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை, எடுத்தாலும் அவள் பக்கத்தில் நிற்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். அவள் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அதே நாள் நானும் திருக்கோவிலூருக்குப் போனேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். அவளுக்கு அங்கே உன்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போக முடிகிறது, எனக்கு உன் சீட்டின் போட்டோவைத்தான் தூக்கிக்கொண்டு போக முடிகிறது, இந்த வித்தியாசம்தான் கண்ணு என்னைப் போட்டு அரிக்கிறது. சோயா இல்லை.

நானும் கள்ளக்குறிச்சியிலிருந்து அரைக்கிலோ சோயா கொட்டை வாங்கி வரச் சொல்லி, ராத்திரியே ஊறவைத்து, குழைய வேகவைத்துச் சுண்டல் செய்தேன். அரைவேக்காடாகத் தின்றால் வயிற்றுக்கு ஆகாதாம், டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். அப்பா இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது, புள்ள சாப்புடறதுல தப்பில்ல" என்றார். அவரோடு ஒரு நாள் பேசவில்லை. ஆனால் நீ மறுபடியும் அவள் கையால் சாப்பிட ஆரம்பித்துவிட்டாய், போன பரிசோதனையில் தைராய்டு குறைந்திருக்கிறது என்று நேற்று சொன்னபோது, பூஜை அறைக்குப் போய் விளக்கேற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன். அவளுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன், கொஞ்சமாக.

மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்புக்கு நீ ஏங்குகிறாய் என்று ஹருகோ அதை எப்படி வைப்பது என்று கேட்டாளாமே. பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், புளி எவ்வளவு, மொச்சையை எப்போது போடுவது, கருவாட்டை எத்தனை தண்ணீரில் அலசுவது எல்லாம் இருக்கிறது, அவளுக்குப் படித்துச் சொல்லு. இறக்குவதற்கு முன்னால் நான் ஒன்று சேர்ப்பேன், அதை மட்டும் எழுதவில்லை. அவள் வைத்தாலும் நன்றாகத்தான் இருக்கும், நம் வீட்டுக் குழம்பு மாதிரி இருக்காது. ஏன் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. உனக்குத் தெரிய வேண்டுமானால் லீவு போட்டுக்கொண்டு வந்து என் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

மாத்திரையைத் தண்ணீரில் போடு, மறக்காதே. குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்லவர்களே அமைய வேண்டும், நோயில்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
நா. தங்கமணி