பறவை மாடிக்குக் கீழே

ஆகஸ்ட் 12

புதிதாக வந்த டிஸ்கும், ஜகார்த்தாவின் பழைய சாமான் கடையில் பொறுக்கிய டிஸ்கும், இந்த ஒரு பெட்டிக்குள் வந்ததும் ஏன் ஒரே மாதிரி சாகின்றன? எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் கணினியோடு இருந்துவிட்டு இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெரியவில்லை.

இன்று காலை மூன்றாவது போனது. ரத்த வங்கியின் பழைய யூனிக்ஸ் சர்வர் இது. எப்போதும் இரண்டு ஹார்ட் டிஸ்க். இரண்டிலும் ஒரே பதிவு. ஒன்று போனால் மற்றது தாங்கும். ஜூனிலிருந்து கீழ்த்தட்டில் எதை மாட்டினாலும் சில வாரங்களில் போய்விடுகிறது. மேல்தட்டில் இருப்பது மட்டும் இன்னும் நிற்கிறது. மாற்று டிஸ்க் தீர்ந்தது. இந்த வகையை இப்போது யாரும் செய்வதில்லை.

செத்ததை வழக்கம்போல் டிரில் வைத்துத் துளைத்தேன். நோயாளிகளின் விவரம் உள்ள எதுவும் முழுதாகக் குப்பைக்குப் போகக் கூடாது என்பது நானே வைத்த விதி.

ஆகஸ்ட் 15

மின்சாரத்தைச் சந்தேகித்துப் புது ஸ்டெபிலைசர் வைத்தாயிற்று. சூட்டைச் சந்தேகித்து ஏசியில் குளிரைக் கூட்டினேன். கணக்கர் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிறகு காட்டுத்தீப் புகை. கெத்தாப்பாங் ஊர் முழுக்க இருமுகிறது, டிஸ்க் இருமாதா? ஜன்னல் இடுக்கையெல்லாம் ஈரத்துணியால் அடைத்தேன்.

நானே நம்பாததைச் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17

இந்தோனேசியாவின் சுதந்திர தினம். சாக்கு ஓட்டத்தில் டாக்டர் ருஸ்டி விழுந்தார், எல்லோரும் சிரித்தார்கள். நான் நடுவில் எழுந்துபோய் மேல்தட்டு டிஸ்க் சுழலும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 20

டாக்டர்தான் எங்கள் தலைவர். நல்லவர். அதுவே தொல்லை. எல்லோரையும்போல் என்னை இபு, அதாவது அம்மா, என்றே கூப்பிடுவார்.

"மசூதிலேர்ந்து ஒரு கியாயியக் கூட்டிட்டு வந்து ஓதிடலாமே, இபு. ஒரு தட்டு மஞ்சச் சோறு, அவ்வளவுதான்."

"டேப்ல காப்பி எடுக்கற கருவி கெட்டு ரெண்டு வருஷமாச்சு, டாக்டர். அதைக் கேளுங்க."

"அதுக்குக் கையெழுத்து வரணும். ஓதறதுக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் பாருங்க."

சிரிக்காமல் வந்துவிட்டேன். பிறகு என் அறையில் சிரித்தேன்.

ஆகஸ்ட் 21

யுஸ்டினா வந்தாள். இருபத்து நான்கு வயது. சந்தை முக்கில் போன் ரீசார்ஜ் கடை. பிறவியிலேயே தலசீமியா, குழந்தையிலிருந்து அடுத்தவர் ரத்தத்தில்தான் ஓடுகிறாள். அவள் கையில் ஊசி ஏறும்போது நான் வேறு பக்கம் பார்ப்பது அவளுக்குத் தெரியும்.

"என்ன இபு, உங்க மிஷின் எனக்கு முன்னாடி போயிடும் போலிருக்கே?"

"போகாது."

"சும்மா சொல்லாதீங்க. சாவு வீட்டுக்குக் கிளம்பற பாதிரியார் மாதிரி இருக்கு உங்க மூஞ்சி."

அத்தனை பேரின் ரத்தம் ஏறியதில் அவள் உடல் பலரின் ரத்தத்தை எதிரியாகப் பார்க்கப் பழகிவிட்டது. வகை பொருந்தினாலும் சேராது. சேரும் கொடையாளர்கள் நான்கு பேர். அந்தப் பெயர்கள் இந்தப் பெட்டியில் மட்டும்தான் இருக்கின்றன. பழைய அட்டைகளைக் கரையான் தின்றது. கடைசி டேப் எடுத்த பிறகுதான் அவளுக்கு எதிர்ப்பு கூடியது.

ஆகஸ்ட் 27

நின்னுபோச்சு. மேல்தட்டும்.

என்ன செய்யறது. என்ன செய்யறது.

ஆகஸ்ட் 28

பலமுறை மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். டிஸ்க் சுழல்வதே இல்லை. ஒரு டிக் சத்தம், பிறகு மௌனம். திரையில் 'டிஸ்க் இல்லை' என்ற ஒரு வரி.

ஏன் வேறு காப்பி இல்லை என்று கணினி படிக்கும் எந்த மாணவியும் கேட்பாள். நானும் கேட்டிருப்பேன். நாளை எடுக்கலாம், கருவி வந்ததும் எடுக்கலாம் — இரண்டு வருடம் அப்படியே போயிற்று. டாக்டர் திட்டவில்லை. யுஸ்டினாவின் ரத்த மாதிரியை ஜகார்த்தாவுக்கு அனுப்பியிருக்கிறார். பதில் வர மூன்று வாரமாகும். அவளால் அத்தனை நாள் தாங்க முடியுமா என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தார்.

"குத்துமதிப்பா ஒருத்தர் ரத்தத்த ஏத்திப் பாக்கலாம். போன வருஷம் அப்படித்தான் ஏத்தினோம். ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. நடுக்கமும் காய்ச்சலும், கறுத்துப்போன சிறுநீரும். பிழைத்ததே பெரிது.

ஆகஸ்ட் 29

மேல்தட்டு டிஸ்கைக் கழற்றி மேசையில் வைத்தேன். துளைக்க டிரில் இல்லை. எடுத்துப்போன தச்சர் இன்னும் தரவில்லை. போகட்டும்.

கோ சியோங் கீழே வந்தார். கட்டடம் அவருடையது. மேலிரண்டு மாடியும் உழவாரன் குருவிக்கு. அது எச்சிலால் கட்டும் கூட்டைச் சூப்புக்கு விற்பார். குருவிகளை வரவழைக்க விடியலிலிருந்து இருட்டும்வரை ஒலிபெருக்கியில் குருவிக்குரல் போடுவார். பழகிப்போய் இந்த ஊரில் அது யார் காதிலும் விழுவதில்லை. கீழ்த்தளத்தை எங்களுக்கு வாடகையில்லாமல் விட்டிருக்கிறார். ஆறுதல் சொல்ல வந்தவர், தன் குறையைச் சொல்ல உட்கார்ந்துவிட்டார்.

"வேலைக்காரப் பொண்ணு சோம்பேறியாயிட்டா, இபு. படிக்கட்டுக்கு அடியில சாமி மேடை இருக்குல்ல, அந்த ஊதுவத்திச் சட்டி பித்தளை. தேய்ச்சு ஒரு வாரம் ஆகல, பச்சை பிடிக்குது. கேட்டா, அதுவா பச்சையாகுது முதலாளின்றா."

"எப்பலேர்ந்து?"

"மே கடைசியிலேர்ந்து. ஏன்?"

"மே கடைசியில புதுசா என்ன செஞ்சீங்க, கோ?"

"ஒண்ணுமில்லையே. மாடியில பனி மிஷின் போட்டேன். வெயில்ல கூடு வெடிக்குது, ஈரம் வேணும்ல."

அவர் போன பிறகும் நாற்காலியைவிட்டு எழவில்லை. குருவி எச்சம். அதன் மேல் ராப்பகலாக ஈரம். செம்பையும் பித்தளையையும் பச்சையாக்கும் அந்த அமோனியா நெடி படிக்கட்டு வழியாக இறங்குகிறது. கீழே ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைத்துவைத்து அதை வெளியே போகவிடாமல் செய்தது யார்?

இது வெறும் ஊகம். ஊகத்தை நம்பமாட்டேன். ஒரு மின்கம்பியின் உறையை உரித்துப் பளபளக்கும் செம்பை இரண்டாக வெட்டினேன். ஒன்று சர்வர் அறையில், ஒன்று என் வீட்டு அலமாரியில்.

ஆகஸ்ட் 31

யுஸ்டினா கடை திறக்கவில்லை. அவள் அம்மா போனில் சொன்னார்: "மாடிப்படி ஏற முடியலம்மா அவளால. ஆனா வாய் மட்டும் குறையல."

செப்டம்பர் 1

வீட்டுக் கம்பி அப்படியே மின்னுகிறது. சர்வர் அறைக் கம்பி கறுத்து, ஓரமெல்லாம் நீலப்பச்சை.

கோ சியோங்கிடம் காட்டினேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பனியை நிறுத்தச் சொல்றீங்களா? குருவி ஒரு தடவை போனா திரும்பாது, இபு. மிஷின் வேற வாங்கிக்கலாம்."

"மிஷின் வாங்கலாம். அதுக்குள்ள இருக்கறத எங்க வாங்கறது?"

கம்பியை என் கையில் திருப்பித் தந்தார். நானும் நிற்கவில்லை. இலவசமாகக் கிடைத்த இடத்தில் குரலை உயர்த்த எனக்கு வராது.

காரணம் தெரிந்து என்ன பயன் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். முகம் கழுவும்போது தோன்றியது — அந்தக் காற்று செம்பைத்தான் தின்கிறது. பதிவு இருப்பது மூடிய உறைக்குள், சுழலும் வட்டத் தகட்டில். வெளியே இருப்பது ஒரு சர்க்யூட் பலகை. சின்னச் செம்புப் புள்ளிகளால் உள்ளே தொட்டுக்கொண்டிருக்கிறது. புள்ளி கெட்டால் தொடர்பு போகும். தகட்டுக்கு ஒன்றும் ஆகாது.

அப்படியென்றால் டிஸ்குகள் சாகவே இல்லையா?

மூணையும் உயிரோட துளைச்சது நானா?

இதற்கு மேல் எழுத வேண்டாம். நாளை அந்தப் பலகையைக் கழற்றுவேன். நம்பிக்கை என்று எதையும் எழுதமாட்டேன்.

செப்டம்பர் 2

நடந்தது இது.

கழற்றினேன். பலகையின் அடியில் செம்புப் புள்ளிகள் பச்சையும் கறுப்புமாக இருந்தன. கணக்கர் மேசையிலிருந்த பென்சில் ரப்பரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஸ்பிரிட்டில் துடைத்துத் திரும்ப முடுக்கினேன். சர்வரை அந்த அறையில் வைக்கத் துணிவில்லை. எதிர்ச்சாரியில் இருக்கும் டாக்டரின் கிளினிக்குக்குத் தூக்கிப்போனோம். ஒரு பக்கம் கணக்கர், மறுபக்கம், கூப்பிடாமலே வந்த கோ சியோங்.

"பிணத்தவிடக் கனம்," என்றார்.

"பேசாம தூக்குங்க கோ," என்றார் கணக்கர்.

சுவிட்சைப் போட்டேன். டிக். பிறகு சுழலும் சத்தம், மெல்ல ஏறி, நிலைத்தது. கோப்புகளைச் சரிபார்க்க வெகுநேரம் எடுத்தது. யாரும் உட்காரவில்லை. திரையில் பயனர் பெயர் கேட்கும் வரி வந்ததும் முதலில் கொடையாளர் பதிவை என் மடிக்கணினிக்கு இழுத்தேன், பிறகு மற்றதெல்லாம். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டபோது இழுக்க வேண்டியது எதுவும் மீதியில்லை.

டாக்டரிடம் துளைத்த டிஸ்குகளைப் பற்றிச் சொன்னேன்.

"மூணும் நல்லா இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம். இனிமே தெரியாது."

தலையாட்டிவிட்டு, "நம்பர் சொல்லுங்க," என்று போனை எடுத்தார்.

நால்வரில் ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் பொந்தியானாக் நகரத்துக்குக் குடிபோய்விட்டார். ஒருவர் எடுக்கவில்லை. நான்காமவர் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர். "இப்பவேயா? சரி, சோறு தின்னுட்டு வர்றேன்," என்றார், வந்தார்.

சோதனைகள் முடிந்து இருட்டிய பிறகுதான் யுஸ்டினாவின் கட்டிலருகே ரத்தப் பை தொங்கியது. நர்ஸ் கட்டிலைவிட்டு நகரவில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தையும் யுஸ்டினாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். நான் இந்த முறை வேறு பக்கம் பார்க்கவில்லை. நடுக்கம் வரவில்லை. காய்ச்சலும் வரவில்லை. பை பாதியானபோது யுஸ்டினா கண்ணைத் திறந்து, வாசலில் சூப் வண்டிச் சத்தம் கேட்கிறதே, யாராவது ஒரு கிண்ணம் பக்சோ வாங்கித் தரக்கூடாதா, மிளகாய் நிறையப் போட்டு, என்று கேட்டாள்.