பிரிக்காத குட்டிகள்

அன்பு மகள் சுபலட்சுமிக்கு அம்மா பாண்டியம்மாள் எழுதுவது. எழுமலையில் நானும் அப்பாவும் ஆடுகளும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல இருக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் டூட்டிக்கு நேரமாச்சு என்கிறாய், அதனால் லீவு முடிந்து அங்கே திரும்புகிற ராம்கியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நர்ஸ் வேலையில் வாங்கிய முதல் சம்பளத்தில் ஒரு வெள்ளாடு பிடித்து, ஊர் வழக்கப்படி என்னிடம் பங்கு வாரத்துக்கு வளர்க்க விட்டுப் போனாயே, போடுகிற குட்டியில் உனக்குச் சரிபாதி எனக்குச் சரிபாதி என்று சிரித்துக்கொண்டே கயிற்றைக் கையில் கொடுத்தாய். அது ரெண்டு ரெண்டாகப் போட்டு, அந்தக் குட்டிகளும் இப்போது குட்டி போட்டுவிட்டன. ஆட்டுக் கொட்டத்தில் இடமில்லாமல் அப்பாவின் பைக் தெருவில் நிற்கிறது, சீட்டு உறையை ஒரு கிடா கடித்துத் தின்றுவிட்டது, அதைச் சொல்லிச் சொல்லியே என்னைத் திட்டுகிறார். போன வாரம் ஆட்டு வியாபாரி பேயாண்டி அண்ணனைக் கூட்டியே வந்துவிட்டார். ஆட்டுக்காரி நேரில் வந்து தன் பாதியைத் தொட்டுக் காட்டாமல் வளர்க்கிறவள் எதையும் விற்கக் கூடாது, அதுதான் வழக்கம் என்று நான் கொட்டத்து வாசலை மறித்து நின்றுகொண்டேன். அண்ணன் சிரித்துவிட்டு டீ குடித்துப் போனார்.

அப்பா விடவில்லை, வீடியோவில் உனக்கு ஒவ்வொன்றாகக் காட்டி உன் பாதி எது என்று கேட்டார். நீ சரியாகப் பார்க்கக்கூட இல்லை தாயி, எல்லாத்தையும் நீயே வச்சுக்கம்மா, எனக்குப் பங்கு வேணாம் என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய், எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அம்புட்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உன் பாதி இங்கே நிற்கிற வரைக்கும் அதைப் பிரிக்கவாவது நீ வருவாய் என்று இருந்தேன். ஆட்டுக்காரி வந்து தொட வேண்டும் என்று ஊரில் ஒரு வழக்கமும் கிடையாது, நானாகச் சொன்னது. பேயாண்டி அண்ணன் அதற்குத்தான் சிரித்தார். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான்.

நைட் டூட்டியில் வெறும் வயிற்றோடு நிற்காதே. கருப்பசாமி உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். ராம்கியிடம் எலுமிச்சை ஊறுகாய் தந்திருக்கிறேன், காலி பாட்டிலை யாரிடமும் கொடுத்துவிடாதே, நீயே கொண்டு வா.

உன் சரிபாதிக்காரி,
அம்மா