மூன்று நாள் மாத்திரை

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். யூனிஃபார்ம் காயவில்லை, ஈரத்தோடு ட்யூட்டி. இன்று முதல் எனக்கு அவசரப் பிரிவின் வாசல் மேசை. வருகிறவர்களை விசாரித்து மணிக்கட்டில் டேப் கட்ட வேண்டும். சிவப்பு: உடனே டாக்டர். மஞ்சள்: கொஞ்ச நேரம். பச்சை: நாற்காலி, ஃபேன், பொறுமை.

பன்னிரண்டு மணிக்கு ஓ.பி. மூடுகிறது. பன்னிரண்டே காலுக்குக் கடலூரே அவசரமாகிவிடுகிறது.

இன்றைய அவசரங்கள்:

– காதில் சீழ். பத்து நாளாக.

– லீவுக்குச் சர்ட்டிபிகேட்.

– அண்ணாகிராமத்து அம்மா. முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டு இரண்டு உள்ளங்கையும் வெந்து நாலு நாள். முதலாளி தேங்காய் எண்ணெய் கொடுத்தாராம். வள்ளல்.

– ஒரு குடும்பம், நாலு பேர். நோய் இல்லை. வீட்டில் கரண்ட் இல்லை.

– தோள்பட்டை வலி. "எத்தன நாளா?" "மூணு மாசமா சிஸ்டர்." "அப்ப இன்னிக்கு என்ன அவசரம்?" "இன்னிக்குத்தான் லீவு குடுத்தாங்க."

சிரித்தேன். எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

இரண்டரைக்குக் காதர் பாய். முதுநகர்க்காரர். சவுதியில் லாரி ஓட்டியவர், இப்போது செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. மேசையைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்தார்.

"நெஞ்சு வலிம்மா."

சிவப்பு டேப். இ.சி.ஜி. குறை ஒன்றும் இல்லை. சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே பையிலிருந்து பழைய சீட்டை எடுத்தார். "அப்புடியே பிபி மாத்திரையும் எழுதிடச் சொல்லும்மா."

மாத்திரை தீர்ந்ததுதான் வலி. அவசரப் பிரிவில் மூன்று நாளுக்குத்தான் மாத்திரை. ஒரு மாதத்துக்கு வேண்டுமென்றால் காலை ஓ.பி. காலை ஆறிலிருந்து இரண்டு வரை அவர் கேட்டில். அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அக்கா பத்து மணிக்குத் தெருவுக்கு வருகிறார், ஆளைப் பார்த்தால்தான் கொடுப்பார். ஆக, மூன்று நாளுக்கு ஒரு நெஞ்சு வலி. ஃபைலில் ஒன்பது இ.சி.ஜி. மாத்திரையைவிட பேப்பர் ஜாஸ்தி.

நவம்பர் 7, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். மதியச் சாப்பாடு: இரண்டு பிஸ்கட்.

இ.சி.ஜி. பேப்பர் தீர்ந்துவிட்டது. நிஜமான நெஞ்சு வலிக்காரர் ஒருவரைப் படுக்க வைத்துவிட்டு வார்டு வார்டாக ஓடி ஒரு ரோல் கடன் வாங்கி வந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் எதிரில் காதர் பாய், கை நெஞ்சில்.

கத்தினேன். வரிசை முழுக்கக் கேட்டது.

"பாய், உங்க நெஞ்சுக்கே ஒரு ரோலு காலி. இனிமே உண்மையச் சொல்லுங்க. பிபி மாத்திரைன்னா பச்ச டேப்பு, ஒக்காந்து வாங்கிட்டுப் போங்க. இன்னொரு தடவ நெஞ்சு வலின்னு பொய் சொன்னா சீட்டே கெடயாது!"

பாவம், முகம் சுருங்கிவிட்டது. "அல்லா மேல சத்தியம்மா. அந்த வார்த்தயே இனி எடுக்க மாட்டேன்."

பின்னால் ஒருவர் தன் நெஞ்சிலிருந்து கையை மெதுவாக வயிற்றுக்கு இறக்கினார்.

டாக்டர் வெளியே வந்து, "சபாஷ் சிஸ்டர்" என்றார். பெருமையாக இருந்தது. எழுதி வைக்கிறேன்: பெருமையாக இருந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

எழுத்து கோணல். சிதம்பரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில்.

ஞாயிறு ஓ.பி. கிடையாது, அதனால் கூட்டம் இரண்டு மடங்கு. இரண்டரைக்குக் காதர் பாய் வந்தார். "பிபி மாத்திரைம்மா" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பச்சை கட்டினேன். "பாத்தீங்களா, இதான் நல்ல பழக்கம்" என்று வேறு சொன்னேன்.

ஒன்றேகால் மணி நேரம் நாற்காலியில். தற்செயலாகப் பார்த்தேன். ஃபேனுக்கு நேர் கீழே இருந்தும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்ன பாய் பண்ணுது?"

"ஒண்ணுமில்லம்மா. மாத்திரைக்குத்தான்."

"வலிக்குதா?"

தரையைப் பார்த்தார். "சத்தியம் பண்ணிட்டேனேம்மா."

பத்தாவது இ.சி.ஜி. இந்த முறை அலை வேறு. மாரடைப்பு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரைகள், ஊசி, ஆம்புலன்ஸ். அடைப்பை எடுக்க சிதம்பரம் போக வேண்டும். கூட நான் போகிறேன் என்றேன். டாக்டர் சபாஷ் சொல்லவில்லை.

வழியெல்லாம் மழை. பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு கேட்டுக்கு ஆளு இல்லம்மா, ஒரு போன் போட்ரு" என்றார். நெஞ்சுக்குள் அடைப்பு, கவலை கேட்டுக்கு. காண்ட்ராக்ட் வேலை அப்படி. எனக்குத் தெரியும், நானும் காண்ட்ராக்ட்.

சிதம்பரத்திலும் வாசலில் ஒரு மேசை, ஒரு சின்னப் பெண், மூன்று டேப். "என்ன பண்ணுது இவுருக்கு?"

பாய் ஸ்ட்ரெச்சரிலிருந்து என்னைப் பார்த்தார். "சொல்லலாமாம்மா?"

நான்தான் கத்தினேன், நெஞ்சு வலி, நெஞ்சு வலி என்று. அந்தப் பெண் பார்த்த பார்வை இருக்கிறதே. வியாழக்கிழமை நான் பாயைப் பார்த்த அதே பார்வை. இ.சி.ஜி.யை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

ஆறு மணிக்கு உள்ளிருந்து சொன்னார்கள்: அடைப்பை எடுத்தாகிவிட்டது, பிழைத்தார். வாசலில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் ஒரு தாத்தா, "பச்ச டேப்பாம்மா?" என்று ஆறுதல் சொன்னார்.

நவம்பர் 25, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

இடையில் டாக்டரிடம் இரண்டு முறை சண்டை: அவசரப் பிரிவிலேயே ஒரு மாத மாத்திரை கொடுத்தால் என்ன? "இது எமர்ஜென்ஸி சிஸ்டர், மளிகைக் கடை இல்ல." விதி அப்படியே இருக்கிறது. ஓ.பி. பன்னிரண்டுக்கு மூடுகிறது.

இரண்டரைக்குக் காதர் பாய். இளைத்திருக்கிறார், அதே செக்யூரிட்டி சட்டை.

"அதுக்குள்ள வேலைக்கா பாய்?"

"இன்னும் ரெண்டு நாள் வரலன்னா வேற ஆளுன்னுட்டாங்கம்மா." சிதம்பரத்தில் கொடுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதாம். இப்போது ஒன்றுக்கு ஐந்து மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது. பின்னால் வரிசை வாசல்வரை. பாய் மேசைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, மரியாதையாகக் கேட்டார்:

"என்னம்மா சொல்லட்டும்?"

சிவப்பு டேப்பைக் கிழித்துக் கட்டினேன்.